விமானம் ஏறும் முன் ஒரு சான்றிதழ்

2013இல் ஸ்பெயினுக்குக் கால்பந்து ஆடப் போனார்கள் ஜார்க்கண்ட் கிராமத்துச் சிறுமிகள் 18 பேர், பெரும்பாலும் பழங்குடியினர். காஸ்டெய்ஸ் கோப்பையில் மூன்றாமிடம். அதைவிடக் கடினமான ஆட்டம் ஊரிலேயே நடந்தது. பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் பஞ்சாயத்து அலுவலகம் போனபோது தரை பெருக்கச் சொன்னார்கள், அறைந்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளே வெளியில் சொன்னார்கள். விளக்குமாறு யார் கைக்கு வரும் என்பது நமக்குப் புதிதா?

ஃபுட்சாலுக்கு அணிக்கு ஐவர்தான். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களிலும் பெண்கள் அணி திரட்டலாம். 2025 ஜனவரியில் இந்தியப் பெண்கள் அணி ஆசியத் தகுதிச் சுற்றுக்கு இந்தோனேசியா போனது.

1.10.2023 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே வயதுக்கு ஆதாரம். மூத்த பிள்ளைகள் பள்ளிச் சான்றிதழ் காட்டலாம். இரண்டிலும் மகளின் பெயர் ஒன்றாக இருக்கிறதா, பாருங்கள். திருத்த மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.