இரகசியம் காப்பதா, பிள்ளையைக் காப்பதா?



"பாஸ்டர், உங்களிடம் மட்டுமே சொல்லுகிறேன், வேறொருவருக்கும் தெரியக்கூடாது" என்ற வேண்டுகோளைக் கேளாத ஊழியர் இல்லை. மனநல ஆலோசகரிடம் செல்வோரும் அதையே கேட்கின்றனர். அந்த இரகசியம் காக்கப்படவேண்டியதே. ஆயினும், ஒரு பிள்ளை பாலியல் கொடுமைக்கு உள்ளாகிறது என அறியவரும்போது அந்த வாக்கு நில்லாது.

நாம் வாழும் திருவனந்தபுரத்தில், சிகிச்சைக்கு வந்த சிறுவனை மனநல ஆலோசகர் ஒருவரே கொடுமைப்படுத்தினார். பின்னர் அப்பிள்ளை மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் வாய்திறந்தான். அங்கிருந்த மருத்துவர்கள் காவல்துறைக்கு அறிவித்தனர். 2022-இல் சிறப்பு நீதிமன்றம் அந்த ஆலோசகருக்கு 7 ஆண்டு கடுங்காவல் விதித்தது. இரகசியம் என்று அந்த மருத்துவர்கள் வாளாவிருந்திருந்தால்?

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அறிந்த எவரும் காவல்துறைக்கு அறிவிக்கவேண்டும் என்கிறது. மருத்துவருக்கோ, ஆலோசகருக்கோ, போதகருக்கோ விலக்கு இல்லை. அறிவிக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையுண்டு. நம் ஞாயிறு பள்ளிகளுக்கும் இது பொருந்தும் என்றே நான் எண்ணுகிறேன். நல்லெண்ணத்துடன் அறிவித்தவர்மேல் வழக்கு வராது.

குற்றத்தை நிரூபிப்பது நம் வேலையன்று. கொட்டியூர் வழக்கில், பிரசவம் பார்த்த மருத்துவர்கள் குற்றத்தை அறிந்திருந்ததற்குச் சான்றில்லை என்று உச்சநீதிமன்றம் 2018-இல் அவர்களை விடுவித்தது. ஆனால் மகாராஷ்டிர விடுதிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சையளித்தும் அறிவிக்காதிருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மருத்துவர்மீதான வழக்கு தொடரவேண்டும் என 2022-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிந்தும் மவுனமாயிருப்பதையே சட்டம் குற்றமாக்குகிறது.

"குடும்ப மானம் போய்விடுமே" என்பர். அப்சலோம் தாமாரிடம் மவுனமாயிருக்கச் சொன்னான். தாவீது கோபங்கொண்டதோடு நின்றான். அந்த வீட்டின் மானம் காக்கப்பட்டதா? 2 சாமுவேல் 13-ஐ முழுவதும் வாசியுங்கள்.

பிழைக்க வந்த நம் மக்களுக்கு மலையாளமும் காவல் நிலையமும் அச்சமே. பிள்ளைக்கு மொழி புரியாவிடில் மொழிபெயர்ப்பாளர் தரப்படவேண்டும். வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடையில்லாத அதிகாரியிடம் கொடுக்கலாம். இயன்றவரை அவர் பெண்ணாயிருப்பார். 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். எங்கள் சபையின் அறிவிப்புப் பலகையில் ஆராதனை நேரத்திற்குக் கீழே அந்த எண்ணை எழுதியிருக்கிறோம்.