ரத்தம் மலையிறங்கும் நேரம்

ஜமுனாமரத்தூரில் ஒரு கர்ப்பிணியிடம் எடுக்கும் ரத்தம் மலைப்பாதையில் போளூருக்கு இறங்கி, அங்கிருந்து சென்னை ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கருவி அதைத் தொடுவதற்குள் ஒரு பகல் ஓடிவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் இந்த வட்டாரத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். குழாய்க்குள் இருக்கும் ஹார்மோன் அதுவரை அப்படியே இருக்காது.

கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் செய்யும் ‘டபுள் மார்க்கர்’ சோதனையில் இரண்டு பொருட்களை அளக்கிறார்கள்: ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி., பாப்-ஏ. முதலாவது கூடி, இரண்டாவது குறைந்தால் சிசுவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று கணக்கு சொல்லும்.

எச்.சி.ஜி. என்பது ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு சங்கிலிகள் கோத்த ஹார்மோன். தாயின் ரத்தத்தில் பெரும்பகுதி கோத்தபடியேதான் இருக்கும். தனித்துத் திரியும் பீட்டா ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். சூட்டில் நேரம் ஆக ஆக, கோத்தவை பிரியத் தொடங்கும். அவற்றில் நூற்றில் ஒன்று பிரிந்தாலே போதும், தனி பீட்டாவின் அளவு இரட்டிப்பாகிவிடும்.

அடுத்த தவறு குழாயில் நடக்கிறது. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ரசாயனம். பாப்-ஏ துத்தநாகம் கொண்ட புரதம். அந்தக் குழாயில் எடுத்தால் பாப்-ஏ குறைத்துக் காட்டும். இதுதான் என்னை உறுத்துகிறது: இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று சரிக்கட்டுவதில்லை, இரண்டுமே பயத்தின் பக்கமே சாய்கின்றன. ‘ஹை ரிஸ்க்’ என்று ரிப்போர்ட் வந்தால் அடுத்து பனிக்குட நீரை ஊசியால் எடுக்கும் சோதனை வரைக்கும் பேச்சு போகும். அதில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு. மலைக் குடும்பத்துக்குக் கூலி போன நாட்களும் தூக்கம் போன இரவுகளும் தனி.

இத்தனைக்கும் தீர்வு பெரிதல்ல. சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்து, அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறையவிட்டு, போளூரிலேயே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். தெளிந்த வைக்கோல் நிறத்தில் மேலே நிற்கும் அதை மட்டும் 2 முதல் 8 டிகிரி குளிரில் அனுப்பினால் போதும். பிரிக்காத ரத்தக் குழாயை ஐஸ்கட்டி மேல் வைப்பது இன்னொரு கெடுதல். குளிரில் விறைத்த ரத்த அணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ்பேக்கை வைக்குமுன் குலுக்கி, உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் செவிலியருக்கு இந்தப் பக்குவம் புதிதல்ல.

ரத்தம் எடுத்த நேரமும் சீரம் பிரித்த நேரமும் ரிப்போர்ட்டில் அச்சாக வேண்டும். அது இல்லாத ‘ஹை ரிஸ்க்’ தாளைக் கையில் வாங்கும் குடும்பம், ஊசிக்குச் சம்மதிக்கும் முன் டாக்டரிடம் அந்த இரண்டு நேரங்களையும் கேட்கலாம். சந்தேகம் இருந்தால், அந்த 14 வாரம் தாண்டுவதற்குள் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லலாம்.