சிலைக்குச் சான்று, சிற்பிக்கு என்ன?

மாமல்லபுரம் செல்வோர் அருச்சுனன் தபசு என்னும் பாறைச் சிற்பத்தின் முன் நின்று வியக்கிறார்கள். தோழர்களே, அங்கே ஒற்றைக் காலில் தவமிருக்கும் உருவத்தை உற்றுப் பாருங்கள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்! உண்ணாமல் வாடிய உடலைக் கல்லிலே காட்டிவிட்டான் பல்லவர் காலத்துச் சிற்பி.

திரும்பும் வழியில் தெருவோரப் பட்டறைகளிலிருந்து உளியோசை கேட்கும். அங்கே நோய் முற்றிய ஒருவன் சட்டையைக் கழற்றினால், அவன் விலா எலும்பையும் எண்ணலாம். அது சிற்பி செதுக்கியது. இது கல்தூசி செதுக்கியது!

கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. உளி பட்டால் சில்லு தெறிக்கும். மின்சார கிரைண்டர் பட்டாலோ தூசி புகையாய்க் கிளம்பும். பெருந்தூசி தும்மலோடு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி நுரையீரலின் ஆழத்திலே தங்கித் தழும்பை உண்டாக்கும். அதுதான் சிலிக்கோசிஸ். அந்தத் தழும்பை ஆற்ற மருந்து இல்லை. காசநோயும் எளிதாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"உடற்பயிற்சி செய்யட்டுமே, உடல் தேறுமே" என்கிறார்கள் சிலர். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை நாம். நாளெல்லாம் குந்திக் குனிந்து சுத்தியல் ஓங்குபவனுக்கு முதுகும் தோளும் வலிக்கும். கிரைண்டரின் அதிர்வால் விரல்கள் மரத்துப்போகும். மணிக்கொரு முறை எழுந்து, முதுகை நிமிர்த்தி, தோளைச் சுழற்றி, விரல்களை விரித்து மடக்கினால் இறுக்கம் தளரும். நோய் கண்டவர், மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல வெளியே விடுவதும், மருத்துவர் சொன்ன அளவு நடப்பதும் இளைப்பைத் தணிக்கும். ஆனால் பயிற்சி தழும்பைக் கரைக்காது.

இன்னும் ஒன்று. தூசி பறக்கும் பட்டறையிலே நின்று ஆழ மூச்சிழுத்தால் உள்ளே போவது காற்று மட்டுமா? நஞ்சும் அல்லவா! ஆகவே, பயிற்சிக்கு இடம் பட்டறை அன்று. பக்கத்திலேயே கடற்கரை இருக்கிறது. பயிற்சிக்கு நேரம், அவன் உறங்கும் நேரமும் அன்று. கூலி வெட்டப்படாத வேலை நேரம்!

முதல் வேலை தூசியை அடக்குவது. மின்கசிவுக்குக் காப்புச் செய்து, நீர் விட்டுக் கல்லை அறுக்க வேண்டும். தூசியை உறிஞ்சும் கருவி வேண்டும். முகத்தில் இறுகப் பொருந்தும் சுவாசக் கவசம் வேண்டும். துண்டு வியர்வையைத் துடைக்கும், நுண்தூசியைத் தடுக்காது.

சட்டம் இல்லையா என்பீர்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் இதைச் சேர்த்தது. ஆனால் நாலைந்து பேர் உழைக்கும் சிறு பட்டறை தொழிற்சாலைக் கணக்கில் வரவில்லை. கணக்கில் வராதவனின் இருமல் யார் காதில் விழும்?

இராஜஸ்தானின் பிண்டுவாடாவிலே கோயில்களுக்குக் கல் செதுக்குவோரை இதே நோய் வாட்டியது. 2019இல் அந்த மாநிலம் சிலிக்கோசிசுக்கென்றே கொள்கை வகுத்தது. நோய் உறுதியானவருக்கு 3 இலட்சம் ரூபாய் உதவி என்றது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் எது இல்லை? சிற்பம் பயிற்றும் அரசுக் கல்லூரி 1957 முதல் மாமல்லபுரத்திலேயே இருக்கிறது. 1965 முதல் செங்கற்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி. 1928இல் பிறந்த நெஞ்சக மருத்துவமனை தாம்பரத்தில். இவை உளிப் பட்டறையைத் தேடி வரவேண்டும். ஆண்டுக்கொரு முறை எக்ஸ்ரே, மூச்சளவுச் சோதனை, பயிற்சி சொல்லித்தர ஓர் இயன்முறை மருத்துவர் ஆகியவை நம் கோரிக்கை.

தோழர்களே! இந்த வாரமே பட்டறை பட்டறையாகச் செல்லுங்கள். இருமுபவரை வற்புறுத்தி, கைப்பிடித்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சிலைக்குச் சான்று தந்த நாடே, சிற்பியின் மூச்சுக்கு என்ன தரப்போகிறாய்?