நல்லதங்காள் நாடகம்: பசி, மானம், பிறந்த வீடு

துன்பியல் நாடகம் என்றதும் பல்கலைக்கழக மாணவர்களாகிய நம் நினைவுக்கு வருபவை கிரேக்க நாடகங்களும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களும்தாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என் போன்றோருக்கு ரோமியோவும் ஜூலியட்டும் அறிமுகமான அளவுக்குத் தமிழ் மேடையின் துன்பியல் நாடகங்கள் அறிமுகமாகவில்லை. அவற்றுள் காண்போரை மிகவும் கலங்க வைத்த நாடகம் நல்லதங்காள் எனலாம். அதன் முதன்மைக் கருப்பொருள்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதைச் சுருக்கம்

நல்லதங்காள் கதை முதலில் கதைப்பாடலாக வழங்கியது. புகழேந்திப் புலவர் பெயரில் மலிவுப் பதிப்புகளாகவும் அச்சேறியது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மேடைக்கு எழுதிய நாடகங்களுள் இதுவும் ஒன்று.

மானாமதுரையில் வாழ்க்கைப்பட்ட நல்லதங்காளுக்கு ஏழு பிள்ளைகள். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வருகிறது. பட்டினி தாங்காமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, அண்ணன் நல்லதம்பி வாழும் அர்ச்சுனாபுரத்திற்கு நடக்கிறாள். அண்ணனோ வேட்டைக்குப் போயிருக்கிறான். வீட்டில் இருக்கும் அண்ணி மூளி அலங்காரி சோறு தர மறுக்கிறாள். ஓட்டைப் பானையும் எரியாத விறகும் தந்து அவமதிக்கிறாள். மனம் உடைந்த நல்லதங்காள் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து உயிர்விடுகிறாள். திரும்பிவந்த அண்ணன் மனைவியைத் தண்டித்துத் தானும் மாள்கிறான். ஊருக்கு ஊர் கதை சற்று மாறும். சில வடிவங்களில் சிவனும் பார்வதியும் தோன்றி மாண்டவர்களை எழுப்புவர். வத்திராயிருப்பு அருகிலுள்ள அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலும் உண்டு.

பசி

இந்நாடகத்தின் முதல் கருப்பொருள் பசி. கிரேக்க நாடக ஆசிரியர் யூரிபிடீஸ் கி.மு. 431-இல் அரங்கேற்றிய ‘மெடியா’விலும் ஒரு தாய் தன் பிள்ளைகளைக் கொல்கிறாள். தன்னைக் கைவிட்ட கணவனைப் பழிவாங்கவே அவள் அவ்வாறு செய்கிறாள். நல்லதங்காளுக்கு யார்மீதும் பகையில்லை. அவளைத் துரத்துவது பஞ்சம் ஒன்றே.

பஞ்சம் நம் முன்னோருக்கு வெறும் கதையன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதே 1877-ஆம் ஆண்டில்தான் நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பஞ்சத்தில் அடிபட்ட நாட்டிலிருந்து பின்னாளில் கங்காணிகளோடு கப்பலேறி வந்தவர்களே அந்த மரத்தின் பாலை வெட்டினர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டு நடக்கும் நல்லதங்காளில் அவர்கள் தங்களையே கண்டிருப்பர் என்பதில் வியப்பில்லை.

பிறந்த வீடு

இரண்டாவது கருப்பொருள் பெண்ணுக்கு உரிய இடம் எது என்பது. புகுந்த வீட்டில் கணவன் வழியாகவும் பிறந்த வீட்டில் அண்ணன் வழியாகவும் மட்டுமே நல்லதங்காளுக்கு இடமுண்டு. அண்ணன் வெளியே போயிருந்த அந்தச் சிறிது நேரத்தில் அவளுக்கு உலகில் எங்குமே இடமில்லாமற் போகிறது. அண்ணனின் பாசத்தில் குறையே இல்லை. ஆனால், உரிமையாக இல்லாமல் பாசமாக மட்டுமே இருந்த ஒன்றை நம்பி அவள் வந்தாள்.

மூளி அலங்காரியைக் கொடுமைக்காரி என்று திட்டிவிட்டு எழுந்து போவது எளிது. அவளும் இன்னொரு வீட்டிலிருந்து வந்து கணவனை அண்டி வாழ்பவள்தான். பஞ்சகாலத்தில் ஏழு பிள்ளைகள் வாசலில் நிற்கும்போது தன் அடுப்படியைக் காக்க நினைக்கிறாள். அவள் செய்தது கொடுமையே. ஆனால், இரு பெண்களும் ஒரே ஆணின் கையை எதிர்பார்த்திருக்கும் நிலையே அக்கொடுமைக்கு வழிவிட்டது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மானம்

மூன்றாவதும் முதன்மையானதுமான கருப்பொருள் மானம். திருக்குறளில் மானத்திற்கு ஓர் அதிகாரமும், இரத்தலுக்கு அஞ்சும் இரவச்சத்திற்கு ஓர் அதிகாரமும் உள்ளன. அந்த மரபில் வந்த நல்லதங்காள் பிறர் வாசலில் கையேந்துவதைவிட இறப்பதே மேல் எனத் துணிகிறாள். மேடை நெடுங்காலம் அவளைப் பத்தினியாகவும் தெய்வமாகவும் உயர்த்திக் காட்டியது.

இக்கதையை எனக்குச் சொன்னவர் என் பாட்டி. ஈப்போவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கதையை முடித்ததும் அவர் அழவில்லை. “அந்த ஊருல பக்கத்து வீடுன்னு ஒன்னு இல்லியா?” என்று கேட்டார். லயத்தில் ஒரு வீட்டுக் குழந்தை அழுதால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். கஞ்சியாவது யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்பது அவர் அனுபவம்.

பாட்டியின் கேள்வியில்தான் இந்நாடகத்தின் சோகம் முழுவதும் அடங்கியுள்ளது என்பது என் கருத்து. அர்ச்சுனாபுரத்தில் பக்கத்து வீடுகள் இருந்திருக்கும். அவற்றின் கதவைத் தட்ட மானம் விடவில்லை. பஞ்சமும் அண்ணியும் அடைத்த கதவுகள் இரண்டே. மீதிக் கதவுகளை அடைத்தது மானம்.

அந்த மானத்திற்கு விலை கொடுத்தவர்கள் யார்? மூத்த மகன் தப்பி ஓடுகிறான். தன்னையாவது விட்டுவிடும்படி தாயிடம் கெஞ்சுகிறான். நாடகத்தில் வாழ விரும்புவதாகச் சொல்லும் குரல் அது ஒன்றுதான். அந்தக் குரலைக் கேட்ட பிறகும் தாயின் முடிவைத் தியாகம் என்று எப்படி அழைப்பது? அவளுக்காக இரங்கலாம், அவள் முடிவைப் போற்றலாகாது.

இன்றைய நிலை

தோட்டத்து வாழ்வைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. பெண்கள் பால்வெட்டித் தாமே கூலி பெற்றாலும் அது ஆண்களின் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போனது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி செலுத்தித் தோட்டங்களையே வாங்கிய தொழிலாளர்கள், பிறர் தயவில் வாழ்வதற்கு மாற்று, கூடி உரிமை பெறுவதே என்று காட்டினர்.

பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் வாழ்கின்றன. அங்கே பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் நமக்குக் கேட்பதில்லை. கேட்டாலும் கதவைத் தட்டத் தயங்குகிறோம். பிள்ளைகளோடு உயிரை மாய்த்துக்கொண்ட தாயைப் பற்றிய செய்திக்கு நல்லதங்காளின் பெயரைச் சூட்டும் வழக்கம் தமிழ்ப் பத்திரிகை உலகில் உண்டு. அப்பெயரைச் சூட்டியதும் அது விதியின் கதையாகிவிடுகிறது. வாடகை பாக்கியும் கடனும் வீட்டுக்குள் நடந்த அடியும் மறைந்துபோகின்றன.

நல்லதங்காள் நாடகத்தை நம் தமிழ்ப் பேரவைகள் மீண்டும் மேடையேற்ற வேண்டும். அவ்வாறு செய்யும்போது, சிவபெருமான் வந்து எழுப்பும் காட்சிக்குச் செலவிடும் நேரத்தைவிட மூத்த மகன் கெஞ்சும் காட்சிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். உதவி கேட்பது மானக்கேடு அன்று என்பதைப் பார்வையாளர் உணர்ந்து எழுந்து செல்வார்களானால், அதுவே இப்பழைய நாடகத்தால் இன்று விளையும் பெரும்பயன் ஆகும்.