சபராளி கொண்டு வந்த கெட்டிலும் நம் வீட்டு பிளக் பாயிண்டும்

பெருநாளுக்கோ விடுமுறைக்கோ ஊர் வரும் சபராளிகளின் பெட்டியில் இப்போதெல்லாம் பேரீச்சம்பழம், அத்தர், தைலத்தோடு ஒரு கெட்டிலோ, அயர்ன் பாக்ஸோ, ஏர் ஃபிரையரோ கட்டாயம் இருக்கிறது. துபாய், கத்தார், குவைத், பஹ்ரைன், மஸ்கட், மலேசியா, சிங்கப்பூர் என்று எங்கிருந்து வந்தாலும் அவற்றின் பிளக் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: தட்டையான மூன்று சதுரப் பின்கள். நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ உருண்டையான துளைகள். அது இதில் நுழையாது. உடனே கடையில் ஒரு அடாப்டர் வாங்கி இடையில் செருகுகிறோம். அல்லது அந்த பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வீட்டில் கிடக்கும் நம் ஊர் பிளக் ஒன்றை மாட்டிவிடுகிறோம். சாதனமும் வேலை செய்கிறது. வேலை செய்வதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

பிளக் நுழைகிறதா என்று பார்ப்பதற்கு முன், சாதனத்தின் அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் சிறிய லேபிளைப் பாருங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் என்று மூன்று எண்கள் அதில் இருக்கும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். லேபிளில் 220-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலை இல்லை. செல்போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்.

சவூதியிலிருந்து வரும் பொருட்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். வீடுகளில் நீண்ட காலம் 127 வோல்ட் இருந்தது. அந்தக் காலத்துப் பொருளை, அல்லது 110 வோல்ட் என்று எழுதியிருக்கும் அமெரிக்கப் பொருளை நம் வீட்டில் செருகினால், அதன் ஹீட்டர் கம்பி இருக்க வேண்டியதைவிட மூன்று, நான்கு மடங்கு சூடாகி அங்கேயே கருகிவிடும். 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால், மின்விசிறி, ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார் சாதனங்கள் இங்கே மெதுவாக ஓடும், மோட்டாரும் அதிகம் சூடாகும்.

அடுத்தது வாட். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். வாட்டை 230-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் மின்சாரம் ஓடும் என்று தெரிந்துவிடும். நம் வீடுகளில் சிறிய துளை உள்ள பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு உரியது, பெரிய துளை உள்ளது 16 ஆம்பியருக்கு உரியது. பழைய போர்டுகளில் 5, 15 என்று அச்சிட்டிருக்கும். எலக்ட்ரீஷியன்கள் இன்றும் பெரியதை 'பவர் பிளக்' என்றுதான் சொல்வார்கள். 6 ஆம்பியர் என்றால் அதிகபட்சம் 1380 வாட். மிக்சி, கிரைண்டர், டிவி, 750 அல்லது 1000 வாட் அயர்ன் பாக்ஸ், 700 வாட் ரைஸ் குக்கர் எல்லாம் அதில் அடங்கிவிடும். 1500 வாட் ஏர் ஃபிரையர் ஆறரை ஆம்பியர் கேட்கும், அதாவது அளவைத் தாண்டிவிட்டது. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்புக்குக் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர், 3000 வாட் கீசருக்குப் பதின்மூன்று. இவற்றுக்கெல்லாம் பெரிய பாயிண்ட்தான். எல்லை வரை போகாமல், 1200 வாட்டுக்கு மேல் எதுவாக இருந்தாலும் பெரிய பாயிண்டில் மாட்டுவது என்று வைத்துக்கொள்வது நல்லது. மைக்ரோவேவில் ஒரு குழப்பம் உண்டு. முன்பக்கம் 800 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குப் போகும் சக்தி. அது இழுக்கும் மின்சாரம் 1200 வாட்டோ அதற்கு மேலோ இருக்கும், பின்புற லேபிளில்தான் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

பெரிய பின் சிறிய துளையில் நுழையாமல் இருப்பது நம்மைத் தடுப்பதற்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு. சிறிய பாயிண்டுக்குப் பின்னால் சுவருக்குள் ஓடும் ஒயரும் மெல்லியது. அதில் அதிக மின்சாரம் ஓடினால் ஒயர் சுவருக்குள்ளேயே சூடாகும், நமக்குத் தெரியாது. சூடு மின்சாரத்தின் அளவுக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. மின்சாரம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். கடைகளில் கிடைக்கும், 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் துளையில் மாட்ட உதவும் மாற்றுக் கட்டையை, என்னைக் கேட்டால், வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது.

இப்போது அந்தச் சதுரப் பின் பிளக்குக்கு வருவோம். அதன் வயிற்றுக்குள் ஒரு சிறிய ஃபியூஸ் இருக்கிறது. குறைந்த வாட் சாதனங்களுக்கு 3 ஆம்பியர், கெட்டில் போன்றவற்றுக்கு 13 ஆம்பியர். இங்கிலாந்து முறையில் ஒரே வளையமாக ஓடும் 32 ஆம்பியர் லைனில் பல பாயிண்டுகள் இருக்கும். அந்தப் பெரிய லைனிலிருந்து சாதனத்தின் மெல்லிய ஒயரைக் காப்பாற்ற பிளக்கிலேயே ஃபியூஸ் வைத்தார்கள். நம் ஊர் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. அந்த வேலையை நம் வீட்டு டிரிப்பர் செய்ய வேண்டும். எனவே பிளக்கை வெட்டினால் ஃபியூஸும் போய்விடுகிறது. 2200 வாட் கெட்டிலின் பிளக்கை வெட்டி, சிறிய 6 ஆம்பியர் பிளக்கை மாட்டினால், பத்து ஆம்பியர் அதன் வழியாக ஓடும். டிரிப்பரும் இல்லாத, பழைய பீங்கான் கட்டையில் தடித்த கம்பி சுற்றிய வீடு என்றால் தடுப்பதற்கு எதுவுமே இல்லை.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 16 ஆம்பியர் பிளக்கை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டுங்கள். அல்லது சதுரத் துளை சாக்கெட்டே எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. சமையலறைப் பவர் லைனில் அதை ஒன்று போட்டுக்கொள்ளலாம். வருடா வருடம் பெட்டி வரும் வீடுகளுக்கு இதுவே நல்ல வழி. ஒயர் நிறத்தில் கவனம் தேவை. வெளிநாட்டு ஒயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். நம் ஊர்ப் பழைய ஒயரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். மூன்று ஃபேஸ் வீட்டில் நீல ஒயரும் ஒரு ஃபேஸாக இருக்கும்! நிறத்தை ஊகித்து மாட்ட வேண்டாம். வெட்டிய பழைய பிளக்கைப் பின்களை வளைத்துக் குப்பையில் போடுங்கள். ஒயர் நுனி வெளியே தெரிகிற பிளக் பிள்ளைகள் கையில் கிடைத்து, அதைச் சுவரில் செருகினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடாப்டர்தான் வேண்டும் என்பவர்கள் அதன் மூன்றாவது பின்னைப் பாருங்கள். மலிவான பலவற்றில் அது வெறும் பிளாஸ்டிக்காக, அல்லது உள்ளே எதனுடனும் இணைக்கப்படாமல் இருக்கும். எர்த் என்பது அலங்காரமன்று. கெட்டிலின், அயர்ன் பாக்ஸின் உலோக உடம்பில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்கு இறக்கி, டிரிப்பரை விழச் செய்வது அந்த ஒயர்தான். அது இல்லாவிட்டால் ஈரக் கையோடு தொடுகிற பெண்களின் உடம்பு வழியாக மின்சாரம் இறங்கும். இரண்டு பின் உள்ள எல்லாமே ஆபத்து என்று அர்த்தமல்ல. லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள சாதனம், அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் மூன்று பின்னோடு வந்த பொருளுக்கு மூன்றும் இணைந்திருக்க வேண்டும். பாயிண்டின் மேல் துளையில் பேனாவைச் செருகி மூடியைத் திறந்து, இரண்டு பின்னை நுழைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள், நாளை அதே துளையில் கம்பியை விட்டுப் பார்ப்பார்கள்.

நோன்பு மாதத்தில் சஹர் நேரம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 1500 வாட் கெட்டில், 2000 வாட் இண்டக்ஷன், 1200 வாட் மைக்ரோவேவ் மூன்றும் ஓடினால் மொத்தம் 4700 வாட், அதாவது இருபது ஆம்பியர். அந்தப் பாக்ஸின் பின்னால் பாருங்கள், 6 அல்லது 10 ஆம்பியர் என்றுதான் இருக்கும். நான்கு துளைகள் இருப்பதால் நான்கு பொருள் மாட்டலாம் என்று அர்த்தமில்லை. சூடு தருகிற எதையும் நேராகச் சுவர்ப் பாயிண்டில் மட்டும் மாட்டுங்கள். பிளக்கைக் கழற்றும்போது கை சுடுகிறதா, பின் பழுப்பாகியிருக்கிறதா, மெல்லிய 'சிர்ர்' சத்தம் கேட்கிறதா, கருகல் வாடை வருகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாயிண்டை உபயோகிக்காமல் நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயின் போர்டில் வைக்கச் சொல்லி அப்போதே கேட்டுவிடுங்கள். கசிவு ஏற்பட்ட நொடியில் அது இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் அதை வைத்துவிட்டு எர்த்தை விட்டுவிடக் கூடாது, இரண்டும் வேண்டும்.

புதியது வந்ததும் பழைய கெட்டிலையும் அயர்ன் பாக்ஸையும் ஏழைக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்துவிடுகிறோம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒற்றை லைன் உள்ள, எர்த் போடாத வாடகை வீட்டில் இருப்பவர்கள். லேபிள் அழிந்திருந்தால் அவர்களுக்கு வாட் தெரியாது, சதுரப் பின்னுக்கு அடாப்டர் தேடித் தெருக்கடையில் மலிவானதைத்தான் வாங்குவார்கள். கொடுப்பவர்கள் சரியான பிளக்கை மாட்டி, வாட் எவ்வளவு, எந்தப் பாயிண்டில் மாட்ட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, பொருளின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். அவர்கள் வீட்டில் பவர் பாயிண்ட் இல்லை என்றால், கெட்டிலுக்குப் பதில் 700 வாட் ரைஸ் குக்கரைக் கொடுக்கலாம்.