தன்னைத் தானே சோதித்தறிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவர் சென்ற இடம் இன்னொருவர் அறியாதிருத்தல் அரிது. கல்லூரி மாணவர் ஒருவர் தமக்குப் பாலியல் தொற்று ஏற்பட்டிருக்குமோ என ஐயுறுகிறார் என வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலே அதற்கென ஒரு சிகிச்சை நிலையம் உண்டு, ஆங்குக் கட்டணமில்லை, கூறியவை இரகசியமாகப் பேணப்படும். எனினும், வாயிலில் தம்மைக் கண்ட உறவினர் எவரேனும் மாலைக்குள் வீட்டாருக்குச் சொல்லிவிடுவரோ என்னும் அச்சம் அவரைத் தடுத்து நிறுத்துகிறது. நாட்கள் கழிகின்றன, நோயோ காத்திருப்பதில்லை.

இந்நோய்கள் பெரும்பாலும் ஓசையின்றி வளர்வன. சிபிலிசு நோயின் முதற்புண் நோவற்றது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். புண் ஆறியதும் நோய் தீர்ந்ததென எண்ணுவோர் ஏமாறுவர். ஆண்டுகள் கழித்து அது இதயத்தையும் மூளையையும் தாக்கவல்லது. கிளமீடியா தொற்றியோருட் பலர் எவ்வித அறிகுறியும் காணார். அதனைக் கவனியாது விடின் பெண்களுக்கு மலட்டுத்தன்மை நேரலாம். இவ்விரண்டும் மருந்தினால் முற்றாகக் குணமாகும். எச்.ஐ.வி. தொற்றை முற்றாக நீக்க இயலாதெனினும், ஒழுங்காக மருந்துண்போர் நெடுங்காலம் நலமுடன் வாழ்கின்றனர். ஆகவே காலத்தில் அறிதலே பாதி மருத்துவமாகும்.

இவ்வச்சத்திற்கு ஒரு மாற்றாக வந்ததே சுயபரிசோதனை. எச்.ஐ.வி. தொற்றைத் தாமே சோதித்தறியும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இலங்கையின் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும் இம்முறையைத் தன் சேவைகளுட் சேர்த்துள்ளது. ஒருவகைக் கருவியிலே சிறு துடுப்புப் போன்ற பகுதியால் மேல் ஈற்றையும் கீழ் ஈற்றையும் ஒருமுறை தடவி, உடன் தரப்பட்ட திரவத்தில் வைத்து, குறித்த நேரம் காத்திருந்தாற் போதும். அது வைரசைத் தேடுவதன்று. வைரசுக்கு எதிராக உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகளையே தேடுகின்றது.

இதனாலேயே மூன்று செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும். முதலாவது, பிறபொருளெதிரிகள் போதியளவு தோன்றச் சில வாரங்கள் செல்லும். ஆகையால் அண்மைக்காலத் தொற்று இச்சோதனைக்குத் தென்படாது போகலாம். ஐயத்திற்குரிய நிகழ்விலிருந்து மூன்று மாதம் கழிந்தபின் மீண்டும் சோதித்தல் நன்று. இரண்டாவது, இரண்டு கோடுகள் தோன்றினாலும் அது முடிந்த முடிபன்று. சிகிச்சை நிலையத்தில் மேற்பரிசோதனைகளால் உறுதிசெய்த பின்னரே நோயெனக் கொள்ளப்படும். மூன்றாவது, எச்.ஐ.வி. இல்லையெனக் காட்டும் கருவி சிபிலிசு பற்றியோ கொனோரியா பற்றியோ யாதும் கூறுவதன்று. அவற்றுக்குத் தனித்தனிச் சோதனைகள் உள.

ஆதலின் சுயபரிசோதனை சிகிச்சை நிலையத்திற்கு மாற்றீடன்று. அதன் வாயிலுக்கு இட்டுச்செல்லும் ஒற்றையடிப்பாதை எனலாம். அப்பாதையில் மாணவர் தனித்து நடக்க நேர்ந்தால், இரண்டு கோடுகளைக் கண்ட அக்கணத்தில் மனமுடைந்து போகவும் கூடும். அவ்வேளை நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகிலிருத்தல் மருந்தினும் சிறந்தது. மகனின் மேசையிலோ மகளின் பையிலோ பரிசோதனைப் பெட்டியைக் காணும் பெற்றோர் அதனைக் குற்றத்தின் சான்றாகக் கொள்ளாது, பொறுப்பின் சான்றாகக் கொள்வாராயின், ஓர் இளைஞரின் வாழ்வு காக்கப்படலாம்.

இது இயலாததன்று. தாயிலிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கருவுற்ற தாய்மாரின் இரத்தத்தை நாடெங்கும் சோதித்தமை அதற்கு ஒரு முக்கிய காரணமாகும். ஒருவரை ஐயுற்றுச் சோதியாது அனைவரையும் சோதித்தமையால் அங்கே நாணத்திற்கு இடமிருக்கவில்லை. தாய்மாருக்குப் பொதுவாகிய அந்நெறி மாணவருக்கும் பொதுவாகுமாயின், வைத்தியசாலை வாயிலில் நிற்பவரை எவரும் வியந்து நோக்கார்.