பயணச்சீட்டும் பிறர் உரிமையும்

கடன் பட்டவன், கடன் கொடுத்தவரின் வீட்டு வாசலில் போய் நின்று பொறுத்தருளுமாறு வேண்டலாம். அண்டை வீட்டு மாமரத்தில் கேளாமல் காய் பறித்தவன், அந்த வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புப் பெறலாம். ஆனால் நகரப் பேருந்தில் ஏறிக் கட்டணம் கொடாமல் இறங்கிப் போனவன் யாருடைய வாசலில் போய் நிற்பான்?

இறைவனுக்குச் செலுத்த வேண்டிய கடமை ஒரு வகை. அடியார்களுக்குச் செலுத்த வேண்டிய உரிமை மற்றொரு வகை என்று மார்க்க அறிஞர்கள் பிரித்து வைத்துள்ளார்கள். பின்னதற்கு 'ஹக்குல் இபாத்' என்று பெயர். முதல் வகையில் தவறியவன் தவ்பாச் செய்து இறைவனிடமே மன்னிப்பை வேண்டலாம். இரண்டாவதில் உரியவர் மனம் இரங்கினாலன்றி விடுதலை இல்லை. அந்த உரியவர் ஒரு முழு நகரமாக இருந்துவிட்டால் காரியம் எவ்வளவு கடினமாகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இது ஏட்டுக் கேள்வி அன்று. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் தலைநகரான சான்டியாகோ, இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாக மல்லாடி வருகிறது. அங்கே எந்தப் பேட்டையில், எந்த நிறுத்தத்தில், எந்த வாசலில் மக்கள் கட்டணம் கொடாமல் ஏறுகிறார்கள் என்று நின்று எண்ணிப் பார்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே நாம் வீண் ஊகத்தில் இறங்காமல் அந்நகரை வைத்தே பேசலாம்.

முன்னர் சான்டியாகோவில் மஞ்சள் நிறப் பேருந்துகள் ஓடின. முன் வாசலில் ஏறுவோரிடம் ஓட்டுநரே காசு வாங்குவார். அவருடைய வருமானம் விற்ற சீட்டைப் பொறுத்தது. அதனால் ஆள் பிடிக்க ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஓட்டினார்கள், விபத்துகள் மலிந்தன. 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இம்முறை மாற்றப்பட்டு, 'டிரான்ஸான்டியாகோ' என்னும் புதிய ஏற்பாடு வந்தது. ஓட்டுநருக்குச் சம்பளம் நிச்சயமாயிற்று. பேருந்தில் ரொக்கம் வாங்குவது நின்றது. பயணி தன் அட்டையைக் கருவியில் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும்.

நல்ல நோக்கம்தான். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். முன்பு கட்டணம் கொடாதவன், எதிரே அமர்ந்திருக்கும் ஒரு மனிதனின் அன்றைய கூலியில் கை வைத்தான். அம்மனிதனின் முகத்தை அவன் பார்த்தாக வேண்டும். இப்போது அவன் ஏமாற்றுவது ஒரு கருவியைத்தான் என்று அவனுக்குத் தோன்றுகிறது. உரியவரின் முகம் மறைந்துவிட்டது, உரிமையோ மறையவில்லை.

தொடக்கத்திலேயே பெருங்குழப்பமும் நேர்ந்தது. பேருந்துகள் போதவில்லை. நகரின் ஓரத்துப் பேட்டைகளிலிருந்து வேலைக்குச் செல்லும் ஏழைகள் நெடுநேரம் காத்து நின்று, நெரிசலில் நசுங்கி, வண்டி மாறி மாறிப் போக வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் குடியரசுத் தலைவர் மிஷேல் பாச்லெட் நகர மக்களிடம், சிறப்பாக ஏழைகளிடம், வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். ஆட்சியில் இருப்போர் குடிமக்களின் உரிமையில் தவறிவிட்டோம் என்று ஒப்புக்கொள்வது எளிதில் காணக் கிடைக்கும் காட்சி அன்று.

மன்னிப்புக் கேட்டதோடு பழக்கம் மாறிவிடவில்லை. பின்வந்த ஆண்டுகள் பலவற்றில், பேருந்தில் ஏறியவர்களில் நால்வருக்கு ஒருவருக்கு மேல் கட்டணம் செலுத்தவில்லை. வண்டிக்குள் சுழல் தடுப்புகளை வைத்தார்கள். அதன் கீழே குனிந்து நுழைந்தவர்களும் உண்டு, கைக்குழந்தையோடு வந்து அதில் சிக்கித் திணறிய தாய்மார்களும் உண்டு. கட்டணம் கொடாது பிடிபட்டு, அபராதமும் கட்டாதவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டமும் 2018இல் வந்தது.

இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் நம்மில் பலர், "அது அந்தப் பேட்டைக்காரர்களின் குணம்" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் அத்தீர்ப்பைச் சற்று நிறுத்தி வைப்போம். வருமானம் குறைந்த பகுதிகளின் நிறுத்தங்களில் கட்டணம் கொடாமை மிகுதி என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் அதனோடு வேறு பலவும் கண்டார்கள். அடுத்த வண்டிக்கு இடைவெளி நீள நீள, கட்டணம் கொடாதவர் தொகை கூடுகிறது. வண்டி நிரம்பி வழிந்தால் கூடுகிறது. ஒரே வாசலில் பலர் முண்டியடித்து ஏறினால் கூடுகிறது. பின் வாசலில் ஏறுவோரிடையே கூடுகிறது. ஆகவே பரிசோதகர்களை மட்டும் நம்பாமல், வண்டிகளைப் பெருக்குவதும், வண்டியில் ஏறுமுன்னரே கட்டணம் செலுத்தும் நிலையங்களைச் சீர்செய்வதும் பயன் தரும் என்று கூறினார்கள்.

நகரின் கிழக்கே விடாகுரா போன்ற செல்வர் பகுதிகள் உள்ளன; தெற்கே லா பின்டானா போன்ற எளியோர் பகுதிகள் உள்ளன. ஓரிடத்தில் உள்ளவனுக்கு இறைவன் நேர்மையையும் மற்றோரிடத்தில் உள்ளவனுக்கு வஞ்சகத்தையும் பங்கிட்டுக் கொடுத்தானா? வண்டி வராமல் நெடுநேரம் நின்றவன், வந்த வண்டியின் முன் வாசலை நெருங்கவே முடியாதவன் சோதிக்கப்படுவது போல, சொந்தக் காரில் போகிறவன் சோதிக்கப்படுவதில்லை. சோதனைக்கு ஆளாகாதவன் தன்னை உத்தமன் என்று எண்ணிக்கொள்வதை நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரைப் பற்றிப் பேசுகிறது. வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களை அது கண்டிக்கிறது. இதைப் பயணிக்கு மட்டும் ஓதிக் காட்டுவது நியாயம் அன்று. முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பாதி வண்டிகளை ஓட்டும் நிர்வாகத்தின் தராசும் குறையுள்ளதே.

அப்படியானால் பயணியின் பொறுப்பு நீங்கிவிடுமா? நீங்காது. ஃபிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்னும் வாடகைப் பாடம் மதரஸா மாணவர் அனைவரும் ஓதுவது. கட்டணம் இன்னது என்று அறிந்து, அந்த வாகனத்தில் ஏறி, இறங்குமிடம் சேர்ந்தவன் அக்கட்டணத்துக்குக் கடன்பட்டவன். சேவை மோசம் என்றால் முறையிடலாம், வழக்காடலாம், ஊர் திரண்டு கேட்கலாம். தானே நீதிபதியாக இருந்து, தன் மடியிலேயே தீர்ப்புத் தொகையைப் போட்டுக்கொள்ள இடமில்லை. அந்தத் தொகை அதிகாரியின் வீட்டிலிருந்தும் போவதில்லை. கட்டணம் கொடுத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் காத்து நிற்கும் மற்றோர் ஏழையின் வண்டியிலிருந்தே அது குறைகிறது.

"அரசு நம்முடையது, மானியம் நம் வரிப் பணம், இதில் திருட்டு எங்கே?" என்று கேட்போரும் உளர். கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் நடந்ததை நினைவூட்டுகிறேன். பணியாளர் ஒருவர் எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு மாண்டார். அவருக்குச் சுவனம் கிடைத்துவிட்டது என்று தோழர்கள் மகிழ்ந்தனர். அண்ணல் நபி (ஸல்) அவர்களோ அதை மறுத்து, போர்ப்பொருள் பங்கிடப்படுமுன் அவர் எடுத்துக்கொண்ட போர்வை அவர்மீது நெருப்பாய் எரிவதாக அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உண்டு. அதைக் கேட்ட ஒருவர் ஓடிப் போய், தாம் எடுத்து வைத்திருந்த செருப்பு வார் ஒன்றோ இரண்டோ கொண்டுவந்து வைத்தார். அதன் விலை ஒரு பேருந்துச் சீட்டின் விலைக்கு மேல் இருந்திருக்குமா?

மௌலானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) அவர்களைப் பற்றி ஆலிம்கள் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று. ரயிலில் அளவுக்கு மிஞ்சிய சுமையை எடை போட்டுக் கட்டணம் கட்டச் சென்றார்கள். அறிமுகமான ரயில்வே ஊழியர், தேவையில்லை, வழியில் யாரும் கேளாதவாறு பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரயில் நின்ற பின்னும் தம் பயணம் மறுமை வரை நீள்கிறது, அங்கே யார் பார்த்துக்கொள்வார் என்பது மௌலானாவின் மறுமொழி. அன்று ரயிலை நடத்தியது அந்நிய ஆட்சி என்பதையும் கருதுக.

உரியவரே விட்டுக்கொடுத்தால் செய்தி வேறு. 2021 மே மாதத்தில் தமிழக அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை அளித்தபோது, அது ஆகுமா என்ற ஐயம் சிலருக்கு எழுந்தது. தாராளமாக ஆகும். உரிமையுடையவர் தம் உரிமையை விட்டுவிட்டார். அச்சலுகை இல்லாத வண்டியில் ஏறினால் சீட்டு வாங்க வேண்டும், அவ்வளவே.

இனி, கடந்த நாட்களில் கொடாமல் விட்ட தொகைக்கு என்ன வழி? நகரத்தார் அனைவரையும் தேடிப் போக வேண்டியதில்லை. எத்தனை முறை என்று நினைவில்லாவிடில், மனம் 'இதற்கு மேல் இராது' என்று நிறைவடையும் தொகையைக் கணக்கிடுங்கள். அத்தொகைக்கு அதே போக்குவரத்துக் கழகத்தின் சீட்டுகளை வாங்கி, பயணம் செய்யாமல் கிழித்துவிடுங்கள் என்று நம் முஃப்திகள் வழிகாட்டியுள்ளார்கள். பணம் சேர வேண்டிய பெட்டியில் சேர்ந்துவிடும். யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை, யாரிடமும் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. இன்று கையில் இல்லாதவர் தொகையைக் குறித்து வைத்து, வசதி வரும்போது சிறிது சிறிதாகத் தீர்க்கலாம். குறிப்பைத் தம் குடும்பத்தார் கண்ணில் படும் இடத்தில் வைத்தால், ஒருவேளை தீர்க்குமுன் மரணம் வந்துவிட்டாலும் வாரிசுகள் மற்றக் கடன்களோடு இதையும் அடைப்பார்கள்.